பற்று எழுதிய கடை

அப்பா கடைக்காரர் என்பதால், காசு கொடுத்து மளிகை வாங்கும் வழக்கமே எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ரங்கூனில் கம்பைப் பகுதியில் கடை முன்கட்டு, வீடு பின்கட்டு. அம்மா உலையை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். கடைப் பையன் பருப்பை முறத்தில் கொண்டுவந்து வைப்பான். எடையும் இல்லை, விலையும் இல்லை. எந்த அரிசி பழசு, எந்த மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் சாப்பாட்டுப் பேச்சோடு பேச்சாக எங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

1962 மார்ச்சில் பர்மாவின் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நெ வின், இரண்டு வருஷம் கழித்து அதே மார்ச் மாதத்தில் ரங்கூன் கடைகளை அரசுடைமை ஆக்கினார். சிப்பாய்கள் வந்து நின்றார்கள். இருப்பு எவ்வளவு என்று எண்ணி எழுதித் தரும் வேலையை அப்பாவிடமே கொடுத்தார்கள். மூட்டை மூட்டையாக, டின் டின்னாக எழுதினார். பொட்டலம் கட்டும் சணல் உருண்டையைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்தார் என்று அம்மா பிற்பாடு சொல்வாள். வாசலில் ‘மக்கள் கடை’ என்று பர்மியப் பலகை ஏறியது. மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கையில் இருந்த ரொக்கமும் காகிதமாயிற்று. மறு வருஷம் கப்பல் ஏறினோம். துறைமுகத்தில் பெட்டியைக் கிளறிப் பார்த்தவர்கள், அப்பாவின் பழைய பற்று நோட்டைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் தமிழர், பர்மியர், சீனர், தெலுங்கர் என்று பெயர் பெயராகப் பாக்கி இருந்தது. வசூலிக்க முடியாத பாக்கி. அதனால்தான் கொண்டுபோக விட்டார்கள்.

அப்பாவுக்கு இந்தியா திரும்பி வந்த நாடு. பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறு பையனாகக் கப்பல் ஏறியவர் அவர். பர்மாவின் பெகுவில் பிறந்த அம்மாவுக்கும், எங்களுக்கும் இது புது நாடு. கும்மிடிப்பூண்டி முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அதே ரயில் பாதையில் வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கினோம். சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய ஒரு தானியக் கிடங்கில் அப்பாவுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. புளியந்தோப்புப் பக்கம் கால்வாய் ஓரச் சந்தில் ஓர் அறை. ஒரு பக்கம் இன்ஜின் புகை, இன்னொரு பக்கம் பவர் ஹவுஸ் புகை. காயப்போட்ட மிளகாய் மேல் கரித்தூள் படியும். அம்மாவுக்கு இது பெரிய துயரம். ரங்கூனில் வற்றல், வடகம், ஊறுகாய் எல்லாம் வீட்டில் போட்டு வைத்தவள். இங்கே அவற்றையும் கடையில் வாங்கவேண்டும். ஆக, எந்தக் கடையில் வாங்குவது என்பது வந்த முதல் வாரமே வீட்டின் தலையாய பேச்சாகிவிட்டது.

ஊரிலும் அப்போது அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடையில் வரிசை சந்து திரும்பி நிற்கும். அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமையை எப்படிச் சமைப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து அறைப் பெண் ஊறவைத்து இடித்துக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுத்தாள். அரிசிக்குப் பேர்போன நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து ரங்கூன் அரிசி வருவது நின்றபோது இந்தியாவில் எத்தனையோ அடுப்புகள் அணைந்தன என்று அப்பா சொல்வார். அந்த ரங்கூனிலிருந்து வந்து, சென்னையில் அரை வயிற்றுக்கு அரிசி தேடி நின்றோம்.

ரேஷன் போக மற்றதற்கு அப்பா கடை பார்க்கப் புறப்பட்டார். பெண் பார்க்கப் போகிறவர்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கமாட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வாங்கமாட்டார், எதிர்ப் பக்கம் நின்று பார்ப்பார். கடைக்காரர் சாக்கின் வாயை எப்படிச் சுருட்டி வைத்திருக்கிறார்? மேலே ஒரு தரம், அடியில் ஒரு தரமா? படியில் அளக்கும்போது தலை தட்டுகிறாரா, குவித்துப் போடுகிறாரா? எண்ணெய் அளக்கும் உழக்கைச் சொட்டும்வரை கவிழ்த்துப் பிடிக்கிறாரா, பாதியிலேயே எடுத்துவிடுகிறாரா? குழந்தை வந்தால் ஓர் அளவு, பெரியவர் வந்தால் ஓர் அளவா? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் என்னை முன்னால் அனுப்பிவிட்டு அவர் பின்னால் நிற்பார். நான் வாங்கி வந்த நூறு கிராம் கடுகைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, "தொண்ணூறு" என்பார். அந்தக் கடைக்கு அப்புறம் நாங்கள் போகமாட்டோம்.

இன்னொரு கடையில், பேச்சை வைத்தே நாங்கள் பர்மாக்காரர்கள் என்று கண்டுபிடித்துவிட்டு, எங்களுக்கென்று ஒரு விலை சொன்னார்கள். அம்மா பதில் பேசாமல் பையை மடித்துக்கொண்டு திரும்பினாள். அப்பாவுக்குத் தராசு எப்படியோ, அம்மாவுக்கு நாக்கு அப்படி. "எடை குறைஞ்சா அடுத்த தடவை கேட்டு வாங்கிக்கலாம். பேச்சு குறைஞ்சா எங்க போய் கேக்குறது?" என்பாள். இருவருக்கும் ஒத்துவரும் கடை கிடைப்பது சுலபமாக இல்லை.

அப்பா மனதுக்குள் மதித்தது கூட்டுறவுப் பண்டகசாலையைத்தான். திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய டி.யு.சி.எஸ்.ஸைப் பற்றிக் கிடங்கில் யாரோ சொல்லியிருந்தார்கள். வாங்குகிறவர்களே பங்குதாரர்கள், விலையை எழுதிப் போட்டுவிடுவார்கள், பேரம் இல்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, "இப்படித்தான் ஒரு கடை இருக்கணும்" என்று அம்மாவிடம் அதிசயித்துச் சொன்னார். ஆனால் அது மாதச் சம்பளக்காரருக்குத் தோதான இடம். நாங்கள் ஐந்து பைசாவுக்கு மிளகாயும், கழுத்தில் கயிறு கட்டிய புட்டியில் பத்து பைசாவுக்கு நல்லெண்ணெயும் வாங்குகிறவர்கள். பணமில்லாதவன் சில்லறையாகத்தான் வாங்கமுடியும். சில்லறையாக வாங்குவதால் கூடுதல் விலையும் கொடுக்கிறான். சில்லறை விற்றுப் பிழைத்த அப்பாவுக்கு இந்தக் கணக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

கடைசியில் புளியந்தோப்பு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு முனைக் கடைக்கு வந்து சேர்ந்தோம். திருநெல்வேலிச் சீமைக்காரர், ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடும். முதல் நாள் அப்பா துவரம்பருப்பு கேட்டார். அண்ணாச்சி ஒரு தட்டில் கல், ஒரு தட்டில் பருப்பு வைத்து முள்ளை நேராக்கினார். அப்பா மெல்ல, "கல்லை அந்தத் தட்டுல வச்சு, பருப்பை இந்தத் தட்டுல போடுங்களேன்" என்றார். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் மாற்றிப் போட்டதும் முள் சாய்ந்துவிடும். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணாச்சி கோபிக்கவில்லை. மாற்றிப் போட்டார். முள் அசையாமல் நின்றது.

"என்ன அண்ணாச்சி, தராசு மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்லைங்க. பழக்கம்."

"கடை வச்சிருந்தியளோ?"

"ரங்கூன்ல."

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தில் மேலும் ஒரு பிடி பருப்பைப் போட்டுக் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தப் பிடியைத் தனியாகப் பார்த்துவிட்டு, "இது கொசுறு இல்ல" என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் அந்தக் கடை பிடித்துப்போனது. அண்ணாச்சி அவளைத் தாயி என்று கூப்பிட்டார். பர்மாவில் அவள் பழகியது வீசைக் கணக்கு. இங்கே கடைகளில் கிலோ வந்திருந்தாலும் கிழவிகள் வாயில் வீசை போகவில்லை. அம்மா மகிழ்ந்து, ‘ஒரு வீசை வெங்காயம்’ என்று கேட்டு வாங்கி வந்து பார்த்தால் குறைகிறது. சென்னை வீசை நாற்பது பலம், ஒரு கிலோ நானூறு கிராம்தான் வரும். ரங்கூன் வீசை ஒரு கிலோ அறுநூறு கிராமுக்கும் மேலே. அண்ணாச்சிதான் ஒரு மத்தியானம் கல்லை வைத்துவைத்துக் காட்டி விளக்கினார். அதன் பிறகு அம்மா கிலோவில்தான் கேட்பாள். வீட்டில் சமைக்கும்போது மட்டும் பழைய வீசையில் யோசிப்பாள்.

பற்று வைக்கமாட்டேன் என்பது அப்பாவின் பிடிவாதம். கிடங்கில் வாரக் கூலி. சனிக்கிழமை கையில் இருக்கும், வியாழக்கிழமை இருக்காது. சந்தில் எல்லோரும் பற்றில்தான் வாங்கினார்கள். அப்பா மட்டும் வியாழன், வெள்ளி என்றால் கஞ்சியோடு நிறுத்தச் சொல்வார். "பாக்கி வச்சவன் கடைக்கு எதிர்ப் பக்கமா தலையைக் குனிஞ்சிட்டுப் போறதை இருபது வருஷம் பார்த்திருக்கேன். எம் பிள்ளைங்க அப்படி நடக்கக் கூடாது." ரங்கூன் நோட்டு மரப்பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடந்தது. அந்தப் பெயர்களில் ஒருவரையும் அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கால்வாய்த் தண்ணீர் சந்துக்குள் ஏறிவிட்டிருந்தது. வேலைக்குப் போகாத வாரத்துக்குக் கூலி இல்லை. அம்மா என்னிடம் பையைக் கொடுத்து, இருந்த சில்லறைக்கு நொய் வாங்கி வரச் சொன்னாள். அண்ணாச்சி காசை வாங்கவில்லை. "அப்பா எங்கலே, ஆளைக் காணோம்?" என்றார். சொன்னேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பிள்ளையார் சுழி போட்டார். அப்பாவின் பெயரைக் கேட்டு மேலே எழுதினார். அரிசி, பயறு, உப்பு, மண்ணெண்ணெய், கீழாநெல்லியோடு குடிக்க மோருக்கென்று நாலணா ரொக்கம். எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, நோட்டை என் பையிலேயே போட்டார். "நானும் பதிமூணு வயசுல ரயிலேறி வந்து சாக்கு மேல படுத்தவன்தான். அம்மாகிட்ட சொல்லு, நோட்டு உங்க வீட்லயே இருக்கட்டும்." பற்று நோட்டு கடையில்தான் இருக்கும். வாங்குகிறவர் வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அதன் பொருள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்குப் புரிந்தது.

அகதிகள் என்று எங்களுக்கு அரசாங்கம் செய்ததை நான் மறந்து பேசமாட்டேன். முகாம் கொடுத்தது, அட்டை கொடுத்தது, தொழில் கடன் கொடுத்தது, பிற்பாடு குடியிருக்க இடம் கொடுத்தது. அவை எல்லாம் வந்து சேர்வதற்கு இடைப்பட்ட நாட்களில் எங்களைப் பட்டினியில்லாமல் காத்தது அந்த நாற்பது பக்க நோட்டு. வடசென்னையில் குடியேறிய எந்த பர்மாக் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படி ஒரு கடையைச் சொல்வார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்பா எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக நோட்டை வாங்கிப் பார்த்தார். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தார். ஒரு நாள் வாங்கிய மண்ணெண்ணெய் விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து அதைத் தன் கையெழுத்தில் சேர்த்து, கூட்டலைத் திருத்தினார். பிறகு சட்டை போட்டுக்கொண்டு, தள்ளாடியபடி தானே கடைக்குப் போய்க் காட்டினார். அன்றிலிருந்து அண்ணாச்சி, அப்பா வந்தால் கேட்காமலே தட்டை மாற்றிப் போடுவார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

காய்கறிக்கு மட்டும் அண்ணாச்சியை நம்பவேண்டியிருக்கவில்லை. வால்டாக்ஸ் ரோட்டில் நடந்தால் யானைகவுனி தாண்டி கொத்தவால் சாவடிச் சந்தை. சந்தில் இருந்த பர்மாப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு இருட்டு விலகுமுன் கிளம்புவார்கள். தனியாகப் போனால் அங்கே கிலோ கணக்கில் யாரும் மதிக்கமாட்டார்கள். கூட்டாகப் போய் ஒரு மூட்டை வெங்காயம், ஒரு கூடை தக்காளி என்று எடுத்து, சந்துக்கு வந்து சாக்கை விரித்துப் பங்கு போடுவார்கள். பங்கு போடும்போது சண்டையும் வரும். யார் பங்கில் அடிபட்ட தக்காளி அதிகம் என்று பெகுக்காரிக்கும் மோல்மேன்காரிக்கும் பேச்சு முற்றி, பேசாமலே இருந்து, மறுநாள் விடியலில் ஒன்றாக நடப்பார்கள். அம்மா முக்கியமாகத் தேடியது வாழைத்தண்டு. மொய்ங்கா என்னும் மீன் குழம்பு காய்ச்ச அது இல்லாமல் முடியாது. சாவடியில் அது மலிவு. இலைக்கட்டு இறங்கும் இடத்தில் சிலர் சும்மாவே தூக்கிக் கொடுப்பார்கள்.

இன்னொரு முக்கியப் பொருள் ஙப்பி. மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது. அது இல்லாமல் பர்மாச் சமையலுக்கு உயிரில்லை. ரங்கூனில் சந்தையில் மலை மலையாகக் குவித்திருப்பார்கள். சென்னையில் அப்படி ஒரு பொருளின் பெயரையே யாரும் கேட்டதில்லை. பெண்கள் யோசித்தார்கள். காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவை அம்மா நிறுத்தி, விரல் நுனியைக் காட்டி, இத்தனூண்டு இறால் உண்டா என்று கேட்டாள்.

"சென்னாக்குன்னி கேக்குறியா? இன்னாத்துக்கும்மா அவ்ளோ?"

"இடிச்சு வைக்கத்தான்."

"காய்ஞ்சது எடுத்தாறேன். நாளைக்கு இந்நேரம் நில்லு, கண்ணு."

சொன்னபடி கொண்டுவந்தாள். அம்மா உப்புச் சேர்த்து, நாலு வீட்டுக்குமாக உரலில் இடித்து, ஜாடியில் அடைத்தாள். பவர் ஹவுஸ் கரி படியாமல் மேலே வெள்ளைத் துணி கட்டினாள். நாற்றத்துக்குச் சந்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. கருவாட்டு வாசனையில் வளர்ந்த சனம் அது. வேறு பேட்டையில் எங்களுக்கு வீடு கிடைத்திருந்தால் இந்த ஜாடிக்காகவே காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். மீன்காரம்மா ஒரு தடவை கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய், மிளகாய் வைத்து அரைத்துச் சாப்பிட்டுப் பார்த்து, மறுநாள் இன்னும் கேட்டாள்.

1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்பதே தெருவெல்லாம் பேச்சு. அண்ணா முதல்வரானதும் அந்த மே மாதத்திலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடத் தொடங்கினார்கள். அன்று அம்மா வரிசையில் நின்று வாங்கிவந்த அரிசியை முறத்தில் பரப்பி வெகுநேரம் புடைத்தாள். இனி அரிசிக்குப் பற்று வேண்டாம் என்றார் அப்பா. நோட்டு மெலிந்தது, நிற்கவில்லை.

பின்னால் வியாசர்பாடியில் பர்மாக் குடும்பங்கள் திரண்ட பகுதிக்கு நாங்களும் மாறினோம். பக்தவத்சலம் காலனி, சத்தியமூர்த்தி நகர், சர்மா நகர் என்று எங்கு திரும்பினாலும் ரங்கூன் பேச்சு கேட்கும். சொந்தக்காரர்கள் சிலர் எண்ணூர்ப் பக்கம் குடியேறினார்கள். ஆண்களில் பலர் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டார்கள். அப்பா போகவில்லை. பேனா, வாட்ச், சென்ட் விற்பது அவருக்கு வியாபாரமாகப் படவில்லை. சாப்பிடும் பொருளை அளந்து கொடுப்பதுதான் அவருக்குக் கடை. ஆனாலும் சொந்தக் கடை அவருக்கு மறுபடி வாய்க்கவில்லை. கிடங்குக் கணக்கிலேயே அவர் காலம் போனது.

பெண்கள்தான் கடையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அம்மாவோடு கொத்தவால் சாவடிக்கு நடந்த மோல்மேன்காரி வீட்டில் நூடுல்ஸ் பிழியத் தொடங்கினாள். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மைதா மூட்டை எடுத்து, பிசைந்து, பிழிந்து, அவித்து, எண்ணெய் தடவிக் கூடையில் வைப்பாள். பிள்ளைகள் அதைக் கொண்டுபோய், பாரிமுனைப் பக்கம் இரண்டாவது கடற்கரைச் சாலையில், தள்ளுவண்டியில் முட்டைகோஸும் வெங்காயமும் வறுத்த பூண்டும் போட்டு, பேஜோ என்னும் தட்டையை நொறுக்கி அத்தோ என்று கலந்து விற்றார்கள். அம்மா பேஜோ சுட்டுக் கொடுப்பாள். அதற்கான கடலை மாவு மட்டும் புளியந்தோப்பு அண்ணாச்சி கடையிலிருந்துதான் வரவேண்டும். வியாசர்பாடியில் வீட்டு வாசலிலேயே மூன்று மளிகைக் கடை இருந்தும் ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள். அண்ணாச்சி அவளுக்காகக் கடலைப்பருப்பைத் தனியாக அரைத்து வைத்திருப்பார். விலை கூடுதலாகவே இருந்தது. அப்பா அதைக் கேட்டதில்லை.

1996இல் கொத்தவால் சாவடிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். ஜார்ஜ் டவுன் நெரிசலைப் பார்த்தவர்கள் அதைத் தப்பு என்று சொல்லமுடியாது. லாரிகள் விடிய விடிய அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் நடந்துபோய் வாங்கிய வடசென்னைப் பெண்களுக்கு மொத்தச் சந்தை அன்றோடு போயிற்று. இரண்டு பஸ் மாறி மூட்டையோடு திரும்பமுடியுமா? கூட்டாக வாங்கிப் பங்கு போடும் வழக்கம் எங்கள் காலனியில் அத்துடன் நின்றது. அதே வருஷம் பி அண்ட் சி துணி மில்லும் மூடியது. புளியந்தோப்பு, பெரம்பூர் முழுக்க மில் சம்பளத்தை நம்பிப் பற்று எழுதிய கடைகள் தடுமாறின. அண்ணாச்சியின் மகனும் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு ஊருக்குப் போனார். போகும்முன் எங்கள் வீட்டுக்கு வந்து, முடியாத கணக்கு ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா நோட்டை எடுத்துக் காட்டினாள். ஏழு ரூபாய் சொச்சம் நின்றது. கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இப்போது எங்கள் தெருவுக்குக் காய் கொண்டுவரும் பெண் விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். வாழைத்தண்டு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைக்கவேண்டும். அத்தோ கடைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம்தான் வீடுகளுக்கு என்று கறாராகச் சொல்லிவிடுகிறாள்.